பாடு

ஒரு சொல்லுக்கு ஒரு ரூபாய் இருபது காசு.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒன்பது நாள்.
தண்டையார்பேட்டையில் மூன்றாம் மாடி.
கீழே கண்டெய்னர் லாரிகள்
ஹார்பருக்கு வரிசைகட்டி உறுமிக்கொண்டிருக்க
கம்பெனியின் அறிக்கையைத் தமிழாக்கினேன்.

சாம்பல் கலந்த நீர் ஆற்றில் சேர்வதன் பாதிப்பு
என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது.
சோப்புத் துண்டு போல, கையில் நிற்காதது.
அகராதி பார்க்கவில்லை. பழக்கத்தில் வந்தது:
புறக்கணிக்கத்தக்கது.
பதினேழு இடங்களில் அதே சொல்.
இருபது ரூபாய் நாற்பது காசு.
ஒரு டீ, ஒரு சமோசா.

எண்ணூரில் கருத்துக்கேட்புக் கூட்டம்.
கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.
முந்தின நாள் வரவேற்பின் தெர்மோகோல் எழுத்துகளில்
மணமகள் பெயர் பாதி உதிர்ந்திருந்தது,
அதன் கீழே அதிகாரிகள்.
தமிழ் தெரியாத ஒருவர் பக்கத்தில்
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.

காட்டுக்குப்பத்துத் தேசராணி மைக்கைப் பிடித்தார்.
இடுப்பளவு தண்ணீரில் குனிந்து
சேற்றைக் கையால் துழாவி எறா பிடிப்பவர்.
பறியைக் கடித்துக் கடித்தே முன்பல் தேய்ந்திருந்தது.
என் பக்கம் ஒன்றை நான்காக மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தார்.

"எங்க ஆத்தப் பத்தி இதுல எழுதிக்கீறீங்க.
புறக்கணிக்கத்தக்கதுன்னு.
கண்டுக்காம வுட்டுடலாம்னு அர்த்தமாம், பொண்ணு சொல்லுது.
செரி.
கண்டுக்காம வுட்றது யாருன்னு
எழுதவே இல்லியே சார்?"

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குள்
ஆளே கிடையாது. அளவு மட்டும்தான்.
நான் தூக்கிவரும் வழியில் எங்கோ
முதுகைத் திருப்பிக்கொள்ளும் ஒருவன்
ஏறி உட்கார்ந்துவிட்டிருக்கிறான்.
புறம் என்றால் முதுகும்தானே.
ஒன்பது நாளாக என்னோடுதான் இருந்திருக்கிறான்,
எனக்குத் தெரியவில்லை.

என்ன சொல்கிறார், என்றார் பக்கத்திலிருந்தவர்.
சொன்னேன்.
என் சொல்லை அதன் பழைய வீட்டுக்கே
திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.
நல்ல கேள்வி, என்றார். பேனாவைத் திறக்கவில்லை.

தேசராணி முடிக்கவில்லை.
"நஷ்டஈடுன்றீங்க, தையல் மெஷின்றீங்க.
அதெல்லாம் வாணாம்.
எங்க பாடு எங்களுக்கு வேணும்."

பாடு.
யார் எந்த இடத்தில் இறங்குவது என்கிற முறை பாடு.
இறங்கியவருக்குக் கிடைத்தது பாடு.
கிடைப்பதற்குள் படுவதும் பாடு.
வாயைத் திறந்துவிட்டேன்.
துன்பம் என்று சொன்னால்
துன்பத்தை எவள் கேட்டு வாங்குவாள்?
மீன் என்றால் கிலோவில் எழுதிக்கொள்வார்கள்.
முறை என்றால்
டோக்கன் கொடுத்தாயிற்றே என்பார்கள்.
மண்டபத்து ஃபேன் ஒரு சுற்று சுற்றியது.
பாடு, என்றேன் ஆங்கிலத்தில்.
டைப் அடிக்கிறவர் எழுத்துக்கூட்டச் சொன்னார்.
நான்கு எழுத்து.
திரையில் அதன் அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது.

மூன்று வாரம் கழித்துக் கூட்டக் குறிப்பு
தமிழாக்கத்துக்கு என்னிடமே வந்தது.
அதே ரேட்.
நாற்பத்தோராம் பத்தியில்
மீனவப் பெண்கள் தங்களுக்கு நெல் வேண்டும் எனக் கோரினர்.

கணினி திருத்தியிருக்கிறது.
சிவப்புக் கோடு போய்விட்டது.
முதலில் சிரித்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெல் இருந்த இடத்தில் பாடு என்று அடித்தேன்.
சொல்லுக்குச் சொல், கணக்கில் மாற்றமில்லை.
மறுநாள் மஞ்சள் பூசித் திருப்பி அனுப்பினார்கள்:
மூலத்தோடு பொருந்தவில்லை.

மணி நாலரை.
நீர் வற்றும் நேரம்.
மூலம் இப்போது எண்ணூர்க் கழியில்
இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில்
பல்லில் பறியைக் கடித்தபடி நிற்கும்.
கேட்டால் பதில் சொல்லாது.
வாயைத் திறந்தால்
பறி விழுந்துவிடும்.